படத்தில் இல்லாத கடை

பென்சிலைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை மேலும் கீழும் நகர்த்தினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். வாசல் தூண் எவ்வளவு உயரம், அதில் இரும்புக் கேட்டின் அகலம் எத்தனை பங்கு என்று படம் வரைகிறவர்கள் பார்ப்பது அப்படித்தான். கால் மணி நேரத்துக்குள் என் முதுகுக்குப் பின்னால் ஆறு பேர் வந்து நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டே வந்திருந்தார்.

"எத்தன அடி உள்ள போகுது சார்?" என்றார் அவர், வேப்பங்குச்சியை வாயின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டு.

"எது?"

"ரோடுதான். அளக்குறீகல்ல?"

"அளக்கலைங்க. படம் வரையிறேன்."

அவர் சிரித்தார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். "சரி சார். சொல்லக் கூடாதுன்னா வேணாம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, மறுபடி குச்சியைக் கடித்தார். ஆனால் யாரும் நகரவில்லை.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. குமாரலிங்கபுரம் பக்கம் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, கையில் காகிதம் வைத்திருக்கும் ஆளை எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை. சீமைக்கருவேலைத் தவிர வேறொன்றும் முளைக்காத நிலத்தை முன்பெல்லாம் ஏனென்று கேட்க ஆள் கிடையாது. இப்போது அயர்ன் பண்ணிய சட்டையோடு ஒருவன் வரப்பில் நின்று போன் பேசினாலே ஊர் கூடிவிடும். போதாததற்கு, நான் யார் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். நான் பிளான் போடுகிறவன்.

அருப்புக்கோட்டையில், பாளையம்பட்டிக்குப் போகிற ரோட்டில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் என் ஆபீஸ். வீடு கட்டுகிறவர்களுக்கும், அதற்கு லோன் போடுகிறவர்களுக்கும் வரைபடம் போட்டுக் கொடுப்பது தொழில். என் அப்பா அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர். நான் ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் படித்து நிழலில் உட்காரப் பழகியவன். இந்த வேலையை இருபது வருஷத்துக்கு மேல் செய்தால் மனிதன் சந்தேகப் பிராணி ஆகிவிடுவான். மாடிப்படி ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு அடியைப் பற்றிப் பொய் சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சுவரைத் தன் சுவர் என்பார்கள். "இந்தப் பக்கம் ஒரு பாதை கெடக்கு சார், அத மட்டும் போட வேணாம்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். எதைப் போட வேண்டாம் என்கிறார்களோ, அங்கேதான் வில்லங்கம் இருக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாட்டர்கலர் வரைவேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. ஸ்கேல் வைக்காமல் கோடு போட வேண்டும் என்ற ஆசையில் தொடங்கியது. என் மனைவிக்கு முதலில் இதுவே சந்தேகமாக இருந்தது. "கறி எடுக்கப் போற நேரத்துல பெயிண்டு டப்பாவ தூக்கிட்டு எங்கிட்டுப் போறீக?" என்று இரண்டு மாதம் கேட்டாள். பிறகு திருச்சுழிக் கோயில் மதிலை வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போய்ட்டு வாங்க" என்று விட்டுவிட்டாள். அந்தப் படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு கோயில் கமிட்டிக்காரர் என்னைப் பிடித்தார்.

அவர் பந்தல்குடியிலிருந்து உள்ளே திரும்பிப் போகிற ரோட்டில் உள்ள ஒரு ஊர்க்காரர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பழைய மாதா கோயில் ஒன்று இருக்கிறது. அதன் கமிட்டியில் அவர் முக்கியமான ஆள். திருவிழா அழைப்பிதழின் முகப்பில் போடுவதற்குக் கோயிலையும் வாசல் கேட்டையும் வரைந்து தரவேண்டும் என்றார். அழைப்பிதழ் அச்சானதும் அந்தப் படத்தையே ஃபிரேம் போட்டுக் கோயிலில் மாட்டுவார்களாம்.

"அந்தக் காலத்து அழகு தெரியணும் சார். கரண்டுக் கம்பி, பிளெக்ஸு, கடை கிடை, ஒண்ணும் வேணாம்."

கடை கிடை என்று அவர் சொன்னபோது என் மூக்கில் ஒரு வாடை அடித்தது. ஆபீசில் வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எந்தக் கடை, யாரு கடை" என்று குடைந்திருப்பேன். அன்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது முதல் ஞாயிறு அந்த வாசலில் போய் நின்றதும் எனக்கே தெரிந்தது. அந்தக் கடை என் படத்துக்கும் இடைஞ்சலாக இருந்தது.

கோயில் எளிமையானது. ஒரு மணிக்கூண்டு, மூன்று வளைவு, பழுத்த சுண்ணாம்பு. ஆனால் கேட்டை உண்டாக்கியவர்களுக்குக் கை நிற்கவே இல்லை போலிருக்கிறது. இரண்டு தூணின் உச்சியிலும் இரண்டு சம்மனசுகள், தேவதூதர்கள், சிறகு விரித்து நிற்கிறார்கள். இந்துக் கோயில்களுக்குச் சுதை வேலை செய்த கொத்தனார்தான் அவர்களையும் செய்திருக்க வேண்டும். முழித்த கண், காலில் தண்டை, லேசான தொந்தி. தூண்களைச் சுற்றித் திராட்சைக் கொடி ஏறுகிறது. திராட்சையைக் கண்ணால் பார்த்திராத ஆள் செய்த திராட்சை அது. இலைகள் அசல் பருத்தி இலை, குலைகள் வேப்பம்பழக் கொத்து. நடுவில் இரும்புக் கேட்டு; சுருள் சுருளாக வளைத்த கம்பிகள், அவற்றுக்கு நடுவே இரும்பிலேயே பூக்கள். கப்பலில் தூத்துக்குடியில் வந்து இறங்கி, மாட்டு வண்டியில் வந்தது என்பார்கள். உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை.

வலது தூணை ஒட்டி, ஒரு வேப்பமர நிழலில்தான் அந்தக் கடை. நாலு கம்பு, தகரக் கூரை, அதற்கு மேல் போட்டுப் பின்பக்கம் தரை வரை தொங்கவிட்ட ஒரு நீலத் தார்ப்பாய். டீ அடுப்பு, ஒரு பெஞ்சு, மாலைகள் தொங்க ஒரு கம்பி, மெழுகுவர்த்தி அடுக்கிய மரப்பெட்டி. சுண்ணாம்பின் வெள்ளையும் இரும்பின் துருவும் கரிசல் மண்ணும் சேர்ந்து நிற்கிற இடத்தில் அந்த நீலம் கண்ணைக் குத்தியது. படத்தில் அது வர வேண்டாம் என்று கமிட்டிக்காரரே சொல்லிவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன். அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

கடைக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. சனிக்கிழமை சாயங்காலம் பாதர் வந்து பூசை வைக்கும்போது அவளிடம்தான் மெழுகுவர்த்தியும் மாதாவுக்கு மாலையும் வாங்குவார்கள். செவ்வாய் வெள்ளியில் அதே கையால் காளியம்மனுக்குப் பூக் கட்டுவாள். புருஷனுக்குச் சீமைக்கருவேலை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை. மழை இல்லாத வருஷங்களில் களையெடுக்கப் போக வழி இல்லாமல் இந்தக் கடையைப் போட்டவள், பிறகு எடுக்கவே இல்லை. பிள்ளைகள் படித்ததும் வீட்டில் அடுப்பு எரிந்ததும் இதை வைத்துத்தான் என்று பின்னால் அவளே சொன்னாள்.

முதல் ஞாயிறே என்னைத் தேடி ஒரு டம்ளர் டீ வந்தது.

"குடிங்கண்ணே. வெயிலு ஏறிருச்சு."

காசு நீட்டினேன். வேண்டாம் என்றாள். எனக்குள் சந்தேகம் முழித்துக்கொண்டது. தெரியாத ஆளுக்குச் சும்மா டீ கொடுப்பவள் என்னத்துக்கு அடி போடுகிறாள்? வாயைப் பிடுங்கவா? நான் டீயைக் குடித்துக்கொண்டே அவளைக் கவனித்தேன். அவள் பால் சட்டியைக் கிண்டிக்கொண்டே என்னைக் கவனித்தாள். இப்படி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் உளவு பார்த்துக்கொண்டு அந்தக் காலையைக் கழித்தோம்.

போகும்போதுதான் கேட்டாள். "இதுல என் கட எங்கிட்டு வருதுண்ணே?"

காகிதத்தில் அன்று வெறும் பென்சில் கோடுகள்தான். "இன்னும் முடியலையேம்மா" என்றேன். அது பொய்தான். ஆபீசில் என்னிடம் பொய் சொல்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எங்கள் ஊர் வெயிலில் வாட்டர்கலர் போடுவது லேசான காரியமில்லை. ஈரம் பரவ வேண்டும், பரவும்போதே அடுத்த நிறத்தை விட வேண்டும். இங்கே பிரஷை எடுத்துத் திரும்புவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். அதனால் இரண்டாம் ஞாயிறு விடிந்தும் விடியாமலும் போனேன். அவள் அப்போதுதான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். வானத்தைப் போட்டேன். மணிக்கூண்டைப் போட்டேன். இந்த வண்ணத்தில் வெள்ளை பூசுவது கிடையாது, காகிதத்தைத் தொடாமல் விட்டுவைத்தால் அதுதான் வெள்ளை. இடது தூணும் அப்படி நன்றாக வந்தது. வலது தூணுக்கு வந்தபோது கை நின்றது. கீழ்ப்பாதி கடைக்குப் பின்னால் இருந்தது. அங்கே என்ன வேலைப்பாடு என்று எனக்குத் தெரியாது.

எழுந்து போய் அவளிடமே கேட்டேன். "கொஞ்சம் தார்ப்பாயத் தூக்கிக் காட்டுறியாம்மா? பின்னாடி தூணுல என்ன இருக்குன்னு பாக்கணும்."

ஏன் என்று கேட்காமல் பெட்டியை நகர்த்தினாள். மாலைகளைக் கழற்றி பெஞ்சில் வைத்தாள். தார்ப்பாயின் கீழ் நுனியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் குனிந்து பார்த்தேன். எதிர்த் தூணில் மழையும் வெயிலும் தின்று முகம் அழிந்த உருவங்கள் இங்கே முழுசாக இருந்தன. அடியில் ஒரு பெரிய தாமரை, அதன் இதழ்களுக்கு மேல் இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. கண், இறகு, கால் விரல் வரைக்கும் அப்படியே. அவள் கடை மறைத்து நின்றதால் பிழைத்தவை.

"வருசா வருசம் திருழாவுக்கு முன்னால நான்தாண்ணே இதுக்கு சுண்ணாம்பு அடிப்பேன்" என்றாள். "புகை ஏறிரும்ல. பாவம், கிளி."

அவள் தார்ப்பாயைப் பிடித்தபடியே நின்றாள். நான் அந்தக் கிளிகளைக் குறித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று நினைவில்லை. கை வலித்திருக்கும். மாற்றி மாற்றிப் பிடித்தாளே தவிர, போதுமா என்று கேட்கவில்லை. தன் கடையை அழிப்பதற்குத் தானே ஒத்தாசை செய்தாள் என்று இப்போது நினைத்தால் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு படம் முடிந்தது. அவள் புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். சம்மனசு, கொடி, கேட்டு, இரும்புப் பூ, எல்லாவற்றின் மேலும் அவள் பார்வை ஓடியது. வலது தூணுக்கு வந்து நின்றது. அங்கே தாமரையும் கிளியும் இருந்தன. அதற்கு முன்னால் வெறும் தரை. வேப்பமரத்தின் நிழல் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த நிழல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஊதாவில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து ஒரே இழுப்பில் போட்டது.

"என் கட இல்லையேண்ணே."

"இது அழைப்பிதழுக்குப் போடுற படம்மா. பழைய காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படி. சும்மா படம்தான்."

அவள் நிமிர்ந்தாள். "எங்க வீட்டுக்கும் நீங்கதான பிளான் போட்டுக் குடுத்தீக. ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ வீடுகள். அரசாங்கத் திட்டத்தில் கட்டுகிற சின்ன வீடுகளுக்கு ஒரே மாதிரி பிளான், ஊரும் பேரும் மட்டும் மாறும்.

"அப்ப அங்க வீடே இல்ல, வெறும் எடம். நீங்க பாட்டுக்கு வாசல், சன்னல், அடுப்படின்னு போட்டுக் குடுத்தீக. சொன்ன மாதிரியே வந்துருச்சு. எங்க மாமனாரு வச்ச வேப்ப மரம் ஒண்ணு நின்னுச்சு. அது உங்க படத்துல இல்ல. மேஸ்திரி வந்து பாத்தாரு. படத்துல மரம் இல்லையேன்னாரு. வெட்டிட்டாக." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "உங்க படத்துல என்ன இல்லையோ அது அப்பறம் இருக்காதுண்ணே."

சிரித்து மழுப்பப் பார்த்தேன். "பிளான் வேற, இது வேறம்மா" என்றேன். இரண்டும் காகிதம்தான், இரண்டிலும் இருந்தது என் கைதான். யாரோ வந்து இன்னதைப் போடு, இன்னதைப் போடாதே என்று சொல்லித்தான் இரண்டும் வரையப்படுகின்றன.

"கேட்டு முன்னாடி சுத்தம் பண்ணப் போறாகன்னு ஒரு பேச்சு ஓடுதுண்ணே. உங்களுக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாதும்மா."

நம்பியதாகத் தெரியவில்லை. அந்த இடத்துக்கு அவளிடம் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. முன்னால் இருந்த பாதர், "இருந்துக்கம்மா" என்று சொன்ன வாய் வார்த்தைதான். அந்த பாதர் மாற்றலாகிப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கமிட்டிக்காரருக்குப் போன் போட்டேன். கடையை எடுக்கப் போகிறீர்களா என்று நேராகவே கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நான் கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் அதிகமாகவே நீண்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். அந்தப் பிள்ள சும்மா பயப்படுது. படம் முடிஞ்சுதா? சனிக்கிழம கொண்டாந்துருங்க." போனை வைத்த பிறகு பந்தல்குடிப் பக்கம் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நிஜமாகவே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இன்றுவரைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

அந்த வாரம் முழுக்கப் படத்தை ஆபீசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையைச் சேர்த்திருக்கலாம். வாட்டர்கலரில் வெள்ளையின் மேல் அடர்ந்த நிறம் போடுவது ஐந்து நிமிஷ வேலை. ஒரு பட்டை நீலம், நாலு கம்பு, போதும். பிரஷைக்கூட நனைத்தேன். ஆனால் அது நான் வரைந்ததிலேயே நல்ல படம். அந்த நிழலைக் கெடுக்க மனம் வரவில்லை. கமிட்டிக்காரர் கேட்டது, வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றெல்லாம் எனக்கு நானே காதில் பூச் சுற்றிக்கொண்டேன். உண்மையான காரணம் கர்வம்தான். பிரஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முன்மண்டபத்தில் ஒரு நாற்காலியின் மேல் படத்தை நிறுத்தினார்கள். ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். இளைஞரான பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நம்ம கேட்டா இது!" என்றார் ஒருவர். "எம்புட்டு நல்லாருக்கு" என்றாள் ஒரு பெண். "அந்தக் கிளிய நான் பாத்ததே இல்லையே" என்றார் இன்னொருவர். என் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அப்போது ஒன்று நடந்தது. அவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு தலையைத் திருப்பி வாசலில் இருந்த நிஜக் கேட்டைப் பார்த்தார்கள். பிறகு அதன் பக்கத்தில் இருந்த நீலத் தார்ப்பாயைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அத்தனை தலைகளும் அதே வரிசையில் திரும்பியதை நான் பார்த்தேன்.

"கட மறைக்குது" என்றது ஒரு குரல். யார் என்று பார்க்க முடியவில்லை.

கமிட்டிக்காரர் இதற்குத்தான் காத்திருந்தாரா, அப்போதுதான் தோன்றியதா, கடவுளுக்கே வெளிச்சம். என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க விவரம் தெரிஞ்சவுக. நீங்களே சொல்லுங்க. அந்த எடம் காலியா இருக்கிறது எப்படி இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மண்டபத்தின் பக்கவாட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். மாதாவுக்கு மறுநாளைக்கான மாலையை வாழை இலையில் சுற்றிக் கையில் வைத்திருந்தாள். அவளும் என்னைத்தான் பார்த்தாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தைகள் எத்தனையோ. கடை இருந்ததால்தான் அந்தக் கிளிகள் முழுசாக இருக்கின்றன என்று சொல்லியிருக்கலாம். அவள்தான் சுண்ணாம்பு அடிக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான், "படத்துக்கு... நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

படத்துக்கு என்ற வார்த்தை யார் காதிலும் விழவில்லை. "சாரே சொல்லிட்டாரு" என்றார் கமிட்டிக்காரர். பாதர் மட்டும், "அவங்களுக்கு வேற நல்ல இடமா பாத்துக் குடுக்கணும்" என்று இரண்டு முறை சொன்னார். பார்த்துக் கொடுக்கலாம் என்று பலரும் தலையாட்டினார்கள். மாலை வாசல்படியில் இருந்தது. அவள் போய்விட்டிருந்தாள்.

எனக்கும் ஒரு அழைப்பிதழ் தபாலில் வந்தது. முகப்பில் என் படம், நிறம் கொஞ்சம் மங்கி அச்சாகியிருந்தது. திருவிழாவுக்கு நான் போகவில்லை. வேலை இருக்கிறது என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் ஒரு மனையைப் பார்க்கப் போக வேண்டி வந்தது. வேறு வழியில் சுற்றிப் போயிருக்கலாம். போகவில்லை. வாசல் என் படத்தில் இருந்தபடியே இருந்தது. சம்மனசுகள் முழித்துக்கொண்டு நின்றார்கள். வேப்பமர நிழல் வெறும் தரையில் நான் போட்ட இடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. கிட்டே போய்க் கிளிகளைப் பார்க்கலாம் என்று வண்டியை நிறுத்தினேன். கிளிகளின் மேல் யாரோ ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். ஒரு நுனியைப் பிடித்து உரித்தேன். சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

"அண்ணே."

ரோட்டுக்கு எதிர்ப்புறம், பஸ்ஸு நிற்கிற இடத்துக்குத் தள்ளி, அதே நாலு கம்பு, அதே நீலத் தார்ப்பாய். மரம் கிடையாது. அடுப்புச் சூட்டுக்கு மேல் வெயில் சூடு. மாலைகளின் மேல் ஈரத்துணி போட்டிருந்தாள். அப்படியும் ஓரங்கள் வாடியிருந்தன. அவள் டீ போட்டுக் கொடுத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். திட்டவில்லை.

"இது ரோட்டு எடமாம்ணே. இங்கயும் எப்ப வேணாலும் எடுக்கச் சொல்லுவாகளாம்." டம்ளரை வாங்கிக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அந்தக் கேட்டுக்கிட்ட போயி உக்காந்து, இங்கிட்டுப் பாத்து ஒரு படம் போட்டுக் குடுங்க. என் கடைய போட்டு."

மறுநாள் ஞாயிறு. போனேன். கேட்டின் முன்னால், முன்பு அவள் கடை இருந்த அந்த நிழலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடினேன். இந்தத் தடவை யாரும் வந்து கேட்கவில்லை. நீலத்தை எடுத்தேன், தண்ணீர் அதிகம் சேர்க்காமல் அழுத்தமாகவே போட்டேன். அவள் வியாபாரத்துக்கு நடுவில் மூன்று முறை ரோட்டைத் தாண்டி வந்து பார்த்துவிட்டுப் போனாள். கம்பு நாலும் இருக்கிறதா என்று விரலால் தொட்டு எண்ணினாள். "பெஞ்சு வரல" என்றாள். போட்டேன். "பெட்டி?" என்றாள். அதையும் போட்டேன். என்னை அவள் துளியும் நம்பவில்லை. அது நியாயம்தான்.

படத்தைக் கொடுத்தேன். வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க சீலு இல்லையேண்ணே?"

"எந்தச் சீலு?"

"வீட்டு பிளான்ல ஊதாக் கலர்ல உருண்டையா அடிச்சுக் கையெழுத்துப் போட்டிருந்தீகல்ல. அது."

அது ஆபீசில் இருக்கிறது என்றேன். அப்படியாவது இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு டவுன் பஸ்ஸில் வந்து, மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்து, மாடி ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். உள்ளே ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்த அவள் வீட்டு பிளான், எல்லாம் இருந்தன. அந்த பிளானில் என் சீல் மங்காமல் இருந்தது. மரம் இருந்திருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

நான் சீலை எடுத்து மைப் பேடில் அழுத்தினேன். வலது மூலையில், கரிசலைப் போட்டிருந்த இடத்துக்குச் சற்று மேலே வைத்தேன்.

"அழுத்தமா வைங்கண்ணே."

அழுத்தமாக வைத்தேன். குறுக்கே கையெழுத்துப் போட்டேன். அவள் மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு படத்தை வீட்டு பிளானுக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில் மடங்காமல் செருகிக் கவரை மூடினாள். எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள். மூன்றாம் ஞாயிறு படத்தின் மேல் குனிந்து பார்த்தாளே, அதே பார்வை.

"யாராச்சும் எடுக்கச் சொல்லி வந்தா இதக் காட்டுறேன். செல்லும்லண்ணே?"

"செல்லும்மா" என்றேன்.